கார் ஷெட்டில் தச்சுப் பட்டறை: முதலில் எந்த மெஷின் வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு கார் நிற்கும் அளவுக்கு ஷெட் காலியாகக் கிடக்கிறது. விடுமுறை நாட்களில் தச்சு வேலை பழகி, புத்தக அலமாரி ஒன்றும் எழுதும் மேசை ஒன்றும் செய்ய ஆசை. கையில் இருக்கும் பணத்துக்கு டேபிள் சா (மேசையின் நடுவே பிளேடு சுழல, மரத்தை அதை நோக்கித் தள்ளி அறுக்கும் மெஷின்) வாங்கிவிடலாமா, அல்லது சின்னச் சின்ன மெஷின்களாக வாங்குவதா? இன்னொன்று: முன்பு கெட்டிப் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, கீழே இரும்புச் சட்டத்தில் திருகாணி போட்டு இறுக்கி ஒரு மேசை செய்தேன். சில மாதங்களில் மேல்பலகை நீளவாட்டில் பிளந்துவிட்டது. பசை சரியில்லையா?

டேபிள் சா இப்போதைக்கு வேண்டாம். பசை மேலும் குற்றம் இருக்க வாய்ப்பில்லை. இரண்டு பதிலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. வேலை நடக்கும்போது மரம் துளிகூட அசையக் கூடாது; வேலை முடிந்த பிறகு மரம் அசைந்தே தீரும், அதற்கு இடம் விட்டுச் செய்ய வேண்டும். வீட்டுப் பட்டறைகளில் கெட்டுப்போன வேலைகளை நான் பார்த்தவரை, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை விட்டதால் கெட்டவைதான். நல்ல மெஷின் இல்லாததால் கெட்ட வேலை அபூர்வம்.

முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். ரான் ஹிக்மன் என்று ஒருவர், 'லோட்டஸ் எலான்' காரை வடிவமைத்தவர். 1961இல் வீட்டில் அலமாரி செய்துகொண்டிருந்தார். பலகையை வைத்து அறுக்க வேறு இடம் இல்லாமல் ஒரு நாற்காலியின் மேல் வைத்து அறுத்தார். பலகையோடு சேர்த்து நாற்காலியும் அறுபட்டது. அதிலிருந்து யோசித்து அவர் உருவாக்கியதுதான் 'ஒர்க்மேட்' என்ற மடக்கு மேசை. மேல்பலகையே இரண்டு துண்டாக இருந்து, கைப்பிடியைத் திருகினால் நடுவில் வைத்த மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் முதலில் வேண்டாமென்று சொல்லிவிட்டு, 1970களின் தொடக்கத்தில்தான் தயாரிக்க முன்வந்தது. பிறகு கோடிக்கணக்கில் விற்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கார் வடிவமைக்கும் அளவுக்குத் திறமை இருந்தவருக்கும் குறையாக இருந்தது ரம்பம் அல்ல, மரத்தைப் பிடித்துக்கொள்ளும் இடம்.

ஆகவே உங்கள் முதல் வேலை புத்தக அலமாரி அல்ல, பட்டறை மேசை. அதை நீங்களே செய்யுங்கள்; பழகுவதற்கும் அதைவிடத் தோதான வேலை கிடையாது, ஏனென்றால் அழகாக வராவிட்டாலும் அது கடைசிவரை உழைக்கும். 18 மி.மீ. பிளைவுட் இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் 36 மி.மீ. கனத்தில் மேல்பலகை தயார். கால்களுக்கு 90 மி.மீ. சதுரத்துக்குக் குறையாத சட்டம். அவ்வளவு தடிமனாகக் கிடைக்காவிட்டால் இரண்டு சட்டங்களை ஒட்டிக்கொள்ளலாம். நீளம் 150 முதல் 180 செ.மீ., அகலம் 60 செ.மீ. போதும். அகலம் கூடினால் பின்பாதியில் சாமான்தான் குவியும்.

உயரத்துக்கு எல்லாருக்கும் பொதுவான அளவு இல்லை. நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் மேசை உயரம். பெரும்பாலானவர்களுக்கு 80க்கும் 90 செ.மீ.க்கும் இடையில் வரும். இழைப்புளி தள்ளுவதுதான் பிரதான வேலை என்றால் இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம், அப்போதுதான் உடம்பின் கனம் தோள் வழியாக இறங்கும். முன்கால்களின் முகமும் மேல்பலகையின் முன்விளிம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். சாப்பாட்டு மேசைபோல விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஒரு நீளப் பலகையை நிறுத்திவைத்து அதன் விளிம்பை இழைக்க நினைக்கும் நாளில் கிளாம்ப் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் திருகுப் பிடி) போட இடமே இருக்காது. கால்களுக்குக் கீழ்ப்பகுதியில் ஒரு தட்டு அடித்து, கனமான சாமான்களை அதில் அடுக்குங்கள். மேசை எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. தள்ளும்போது மேசை நகர்ந்தால் உங்கள் பலத்தில் பாதி வீண். வலக்கைக்காரர் என்றால் இடது முன்மூலையில் ஒரு வைஸ், அதாவது மேசையோடு பொருத்தி மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிடி. அதோடு 1 மீட்டர் நீளக் கிளாம்ப் நான்கு, சின்னது நான்கு. டேபிள் சாவுக்கு எடுத்துவைத்த பணத்தில் இதற்கெல்லாம் போக மீதியும் இருக்கும்.

அடுத்தது குறிப்பது. மூலைமட்டம் ஒன்று வாங்கியதும் அதை நம்பிவிடாதீர்கள். நேரான விளிம்புள்ள ஒரு பலகையில் அதைச் சாற்றிவைத்து ஒரு கோடு போடுங்கள். அப்படியே புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், தெரியும் விலகலில் பாதி அந்த மட்டத்தின் பிழை. பென்சில் கோடு ரம்பத்துக்குப் போதும். உளி வேலைக்கும் பொருத்து வேலைக்கும் கத்தியால் கோடு கீறுங்கள். கத்திக் கோட்டில் உளியின் முனையை வைத்தால் தானாகவே போய் உட்காரும்; பென்சில் கோட்டில் அப்படி உட்காராது, நாம்தான் உத்தேசமாக வைக்க வேண்டும். நாருக்குக் குறுக்கே அறுக்கும்போது சிராய் பெயராமல் இருப்பதற்கும் அந்தக் கீறலே உதவும்.

இன்னொரு பழக்கம்: ஒரே அளவில் வரவேண்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக டேப் வைத்து அளக்காதீர்கள். அலமாரியின் இரண்டு பக்கப் பலகைகளையும் ஒட்டி நிறுத்தி, தட்டு வரும் இடங்களை இரண்டிலும் ஒரே இழுப்பில் குறியுங்கள். அளவு 2 மி.மீ. தவறினாலும் தட்டு மட்டமாக இருக்கும். தனித்தனியாக அளந்தால் ஒன்று மேலே ஒன்று கீழே என்று போகும், அது கண்ணை உறுத்தும்.

இனி அறுப்பது. அலமாரிக்கு பிளைவுட் என்றால், கையில் பிடிக்கும் சர்குலர் சாவும் (வட்ட பிளேடு சுழலும் மெஷின் ரம்பம்) நேரான ஒரு வழிகாட்டியும் போதும். வழிகாட்டியை நீங்களே செய்யலாம். 6 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றின் மேல் நேரான ஒரு ரீப்பரை ஒட்டுங்கள். ரீப்பரை ஒட்டியே மெஷினைத் தள்ளி அந்தப் பட்டையின் ஓரத்தை அறுத்துவிடுங்கள். இப்போது அந்த ஓரம்தான் பிளேடு போகும் துல்லியமான கோடு. வேலைப் பலகையில் போட்ட குறிக்கு நேராக அந்த ஓரத்தை வைத்துக் கிளாம்ப் போட்டால் வேறு கணக்கே தேவையில்லை. முழுத் தாளை இரண்டு ஸ்டூல் நடுவே தொங்கவிட்டு அறுக்காதீர்கள். தரையில் 5 செ.மீ. கனத்தில் தெர்மாகோல் தாள் விரித்து, அதன்மேல் வைத்து அறுங்கள். பிளேடு பலகையைத் தாண்டி 5 மி.மீ. இறங்கினால் போதும். இரு துண்டுகளும் கடைசி வரை கிடந்த இடத்திலேயே கிடக்கும், பிளேடு சிக்காது. சர்குலர் சாவின் பற்கள் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டு வருவதால் சிராய் மேல்பக்கத்தில் கிளம்பும். எனவே நல்ல முகம் கீழே இருக்கட்டும்.

பிளேடு தின்பதையும் கணக்கில் சேருங்கள். 2440 மி.மீ. தாளில் 610 வீதம் நான்கு துண்டு வரும் என்று காகிதத்தில் போடுவோம். மூன்று வெட்டு, வெட்டுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. என்று 9 மி.மீ. தூளாகப் போய்விடும், கடைசித் துண்டு குட்டையாக நிற்கும். குறிக்கு எந்தப் பக்கம் கழிவோ அந்தப் பக்கம் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, பிளேடை அந்தப் பக்கமே ஓட்டுங்கள்.

உளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மரவேலையே கடினம் என்று நினைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மழுங்கிய உளிதான். கடையிலிருந்து வரும் உளி கூர்மையாக வருவதில்லை. முதலில் தட்டையான பின்முகத்தைக் கவனியுங்கள். முனையை ஒட்டிய ஒரு செ.மீ. பகுதி கண்ணாடிபோல் மட்டமாகும்வரை 1000 எண் சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும். ஒரு உளிக்கு இதை ஒரு முறை செய்தால் போதும். சரிவு முகம் 25 டிகிரி. அதன் நுனியில் மட்டும் 30 டிகிரியில் ஒரு மெல்லிய பட்டை. அந்தப் பட்டையை 1000 எண் கல்லில் நாலைந்து இழுப்பு இழுத்துவிட்டு, பின்முகத்தில் விரலை முனைக்கு வெளியே தள்ளித் தடவிப் பாருங்கள். முனை முழுக்க ஒரே சீராகப் பிசிர் தட்டுப்பட வேண்டும். பிசிர் எழுந்திருந்தால்தான் கல் முனைவரை எட்டியிருக்கிறது என்று பொருள். ஒரு மூலையில் பிசிர் இல்லையென்றால் அந்த மூலை இன்னும் மழுங்கல்தான், எத்தனை நுண்ணிய கல்லுக்குப் போனாலும் பயனில்லை. பிறகு 4000, 8000 என்று ஏறி, பின்முகத்தைப் படுக்கவைத்துப் பிசிரை எடுத்துவிடுங்கள்.

கூர்மையைச் சோதிக்க மென்மையான பைன் மரத்துண்டு ஒன்றின் தலைப்பக்கத்தில், அதாவது நார் வெட்டுப்பட்டு நிற்கும் முகத்தில், சுத்தியல் இல்லாமல் கையால் தள்ளிச் சீவுங்கள். மழுங்கிய உளி நாரை நசுக்கி, மாவுபோல் வெளிறிய பொடியை உதிர்க்கும். கூரான உளி மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டு போகும், சீவிய இடம் மெழுகு தேய்த்ததுபோல் மின்னும். இந்த வித்தியாசத்தை ஒரு முறை கையில் உணர்ந்துவிட்டால் பிறகு மழுங்கிய உளியால் வேலை செய்ய மனம் வராது. இழைப்புளிக் கத்திக்கும் இதே முறைதான். 6, 12, 18, 25 மி.மீ. என்று நான்கு உளி, 4ஆம் எண் அல்லது 5ஆம் எண் (எண் இழைப்புளியின் அளவைக் குறிக்கும்) இழைப்புளி ஒன்று, நாருக்குக் குறுக்கே அறுக்க நல்ல கைரம்பம் ஒன்று. கைக்கருவியில் தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

இப்போது உங்கள் பிளந்த மேசைக்கு வருவோம். மரம் அறுக்கப்பட்ட பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். பச்சை மரம் காயும்போது, ஈரம் எடையில் ஏறத்தாழ 28-30 சதவீதம் ஆகும்வரை அளவு மாறாது. அதற்குக் கீழே இறங்கத் தொடங்கினால் சுருங்கும், மறுபடி ஈரம் ஏறினால் விரியும். இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நீளவாட்டில் கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். குறுக்குவாட்டில் இருக்கிறது, அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், வளையங்களுக்குக் குறுக்கான திசையைவிடப் பொதுவாக இரண்டு மடங்கு.

தேக்கு அசைவு குறைந்த மரம் என்று பெயர் வாங்கியது. அதற்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணமாகத் தட்டையாக அறுத்த தேக்குப் பலகை, ஈரம் 1 சதவீதம் மாறினால் அகலத்தில் சுமார் 0.19 சதவீதம் மாறும். மழைக் காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறுவது சாதாரணம். 60 செ.மீ. அகல மேல்பலகை என்றால் 4 மி.மீ.க்கு மேல் வரும். ஓக் போன்ற மரமாக இருந்தால் இன்னும் அதிகம். நீங்கள் அந்தப் பலகையின் இரண்டு ஓரங்களையும் இரும்புச் சட்டத்தில் திருகாணியால் இறுக்கிவிட்டீர்கள். இரும்பு ஈரத்துக்கு அசையாது. வறண்ட காலத்தில் பலகை 4 மி.மீ. சுருங்கப் பார்த்தது, திருகாணிகள் விடவில்லை. எங்கே பலம் குறைவோ அங்கே பிளந்துகொண்டது.

பிளவை உற்றுப் பாருங்கள். பசைக் கோட்டிலேயே சுத்தமாகப் பிரிந்து, இரு முகத்திலும் பசை மட்டும் பளபளப்பாகத் தெரிந்தால், பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் நார் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாலோ, பிளவு பசைக் கோட்டுக்கு அருகில் மரத்திலேயே ஓடினாலோ, பசை மரத்தைவிட உறுதியாக நின்றிருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பலகையைத் தூக்கிப் போட வேண்டாம். சட்டத்திலிருந்து கழற்றி, பிளவு நெடுக அறுத்து இரண்டாக்கி, இரு விளிம்பையும் இழைத்து மறுபடி ஒட்டுங்கள். அகலத்தில் ஓரிரு செ.மீ. குறையும், அவ்வளவுதான். திரும்பப் பொருத்தும்போது, நடுவில் உள்ள திருகாணிக்கு மட்டும் வட்டத் துளை. ஓரத்துத் திருகாணிகளுக்குச் சட்டத்தில் 10 மி.மீ. நீளமுள்ள நீள்துளை, பலகையின் அகலவாட்டில். வாஷர் போட்டு, இறுகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் திருகுங்கள், நசுக்கும் அளவுக்கு வேண்டாம். இனி பலகை நடுவிலிருந்து இருபுறமும் போய் வரும், பிளக்க வேண்டிய அவசியம் இராது. மேல்முகத்துக்குப் பூசிய வார்னிஷைக் கீழ்முகத்துக்கும் அதே அளவு பூசுங்கள். வார்னிஷ் ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது, தாமதப்படுத்தும். ஒரு முகத்தில் மட்டும் தாமதமானால் பலகை ஓடுபோல வளையும்.

பழைய கதவுகளைக் கவனித்திருப்பீர்கள். சுற்றிலும் சட்டம், நடுவில் பலகை. அந்த நடுப்பலகை சட்டத்தின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், பசையில்லாமல் சும்மா செருகியிருக்கும். கழுந்தும் (ஒரு துண்டின் முனையில் செதுக்கிய நாக்கு) அது நுழையும் துளையுமாகச் சேர்ந்த சட்டம் கதவின் அளவைக் காக்கிறது, பலகை காடிக்குள் தன் பாட்டுக்குச் சுருங்கி விரிகிறது. அலங்காரத்துக்குச் செய்தது என்று பலரும் நினைக்கிறார்கள். மரத்தின் அசைவுக்கு வழிவிட்டுச் செய்த கட்டுமானம் அது. எனக்குத் தச்சுத் தொழிலில் மிகப் பெரிய அறிவாகத் தோன்றுவது இதுதான். பிளைவுட் இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது: ஒற்றைப்படை எண்ணிக்கையில் மெல்லிய தாள்கள், ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் குறுக்காக. ஒன்றின் அசைவை அடுத்தது பிடித்து நிறுத்திவிடும். அதனால்தான் அலமாரிக்குப் பிளைவுட்டில் தொடங்கச் சொல்கிறேன். கெட்டி மரத்தை மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டி மரம் வாங்கி வந்ததும் அறுக்க உட்காராதீர்கள். மேசை எந்த அறையில் நிற்கப்போகிறதோ அந்த அறையிலேயே, இடையிடையே ஒரே கனக் குச்சிகள் வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். ஷெட்டின் ஈரம் வேறு, வீட்டுக்குள் ஈரம் வேறு. சிமெண்டுத் தரையில் நேரடியாகக் கிடத்தினால் அடிப்பலகை ஈரத்தை உறிஞ்சி முறுக்கிக்கொள்ளும். இது ஏற்கெனவே காய்ந்த மரத்துக்குச் சொன்னது. பச்சை மரத்தைக் காற்றில் உலர்த்துவதாக இருந்தால் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய உத்தேசக் கணக்கு.

அலமாரியில் ஒரே ஒரு விஷயத்தைக் காகிதத்திலேயே தீர்த்துவிட வேண்டும்: தட்டின் நீளம். நெருக்கமாக அடுக்கிய புத்தகம் ஒரு மீட்டருக்கு 30 கிலோ வரை கனக்கும். சீராகப் பரவிய பாரத்தில், தட்டு தொய்வது அதன் நீளத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். 60 செ.மீ. தட்டை 90 செ.மீ. ஆக்கினால் தொய்வு ஒன்றரை மடங்கு ஆகாது, ஐந்து மடங்கு ஆகும். 18 மி.மீ. பிளைவுட்டில் 60 செ.மீ. நீளத் தட்டுக்குத் தொய்வு கண்ணுக்குத் தெரியாது, 90 செ.மீ.யில் முதல் நாளே 3 மி.மீ. அளவுக்கு இறங்கும், வருடக்கணக்கில் பாரம் சுமக்கச் சுமக்க இன்னும் இறங்கும். நீளம் வேண்டுமென்றால் முன்விளிம்பில் 40 மி.மீ. உயரத்துக்குக் கெட்டி மரப் பட்டை ஒன்றை நிறுத்தி ஒட்டுங்கள். விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். பக்கப் பலகைகளில் 6 மி.மீ. ஆழக் காடி எடுத்துத் தட்டுகளை அதில் உட்காரவைத்தால் பாரம் திருகாணியில் தொங்காமல் மரத்தில் இறங்கும். பின்பக்கம் 6 மி.மீ. பிளைவுட் அடிப்பதைச் சிக்கனம் கருதி விட்டுவிடாதீர்கள், அலமாரி பக்கவாட்டில் சாயாமல் நிற்பது அதனால்தான். அதை அடிப்பதற்கு முன் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து, இரண்டும் சமமாக வரும்வரை தட்டிச் சரிசெய்யுங்கள். நின்ற பிறகு மேல்பகுதியைச் சுவரோடு பிடித்துவிடுங்கள். குழந்தைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள்.

பசைக்கு வெள்ளைப் பி.வி.ஏ. பசையே போதும். நீளவாட்டு முகமும் நீளவாட்டு முகமும் சேரும் இடத்தில் அது மரத்தைவிட உறுதியாக நிற்கும். நார் வெட்டுப்பட்ட தலைப்பக்கத்தில் பசையை மட்டும் நம்பாதீர்கள், அங்கே கழுந்தோ முளையோ (இரு துண்டிலும் துளையிட்டுச் செருகும் மரக்குச்சி) காடியோ வேண்டும். பூசுவதற்கு முன் பசையில்லாமல் ஒரு முறை முழுதும் கோத்து, கிளாம்ப் எல்லாம் போட்டுப் பாருங்கள். பூசிய பிறகு கையில் இருப்பது ஐந்து பத்து நிமிடம்தான். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் கிளாம்பை எடுக்கலாம், முழு பலம் வர ஒரு நாள் ஆகும்.

மெஷின்கள் எந்த வரிசையில் என்று கேட்டால்: டிரில், சர்குலர் சா, சுழல் சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கும் மெஷின்), பிறகு ரூட்டர் (சுழலும் முனையால் மரத்தைக் குடையும் மெஷின்). ரூட்டர் வந்தால் காடி எடுப்பது, விளிம்பு உருட்டுவது எல்லாம் எளிதாகும். இவற்றோடு அலமாரியும் மேசையும் தாராளமாக முடியும். டேபிள் சா எப்போது என்றால், ஒரே அகலத்தில் நிறையச் சட்டங்கள் கிழிக்க வேண்டிய வேலைகள் தொடர்ந்து வரும்போது. வாங்கும் நாளில் இதை மனதில் வையுங்கள்: அதில் விரல் போவது பற்றியே எல்லாரும் பயப்படுகிறார்கள், பிளேடின் பின்பக்கப் பற்களில் மரம் சிக்கி உங்களை நோக்கி எறியப்படுவதும் அதற்குச் சமமான ஆபத்து. பல நேரம் அந்த எறிதல்தான் கையையும் பிளேடுக்குள் இழுத்துவிடுகிறது. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளப்புத் தகடு அதற்காகத்தான் இருக்கிறது. அதைக் கழற்றிவைத்து வேலை செய்யாதீர்கள். பக்கத் தடுப்பு பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள், பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள், கடைசிப் பகுதியைத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். கையுறை கூடாது, சுழலும் கருவி எதற்குமே கூடாது. தோல் பட்டவுடன் சில மில்லி நொடியில் பிளேடை நிறுத்திவிடும் அமைப்பை 1999இல் உருவாக்கிய ஸ்டீபன் காஸ், இயற்பியல் படித்த வழக்கறிஞர், பொழுதுபோக்குக்கு மரவேலை செய்தவர். அந்த வகை மெஷின் வாங்க முடிந்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

தூசிக்கு வருவோம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் முதல் பிரிவில் வகைப்படுத்தியது. கண்ணுக்குத் தெரிந்து தரையில் விழும் தூளைவிட, தெரியாமல் காற்றில் மிதக்கும் நுண்தூசியே நுரையீரலுக்குள் இறங்குகிறது. சாண்டரையும் சாவையும் வேக்குவம் குழாயோடு இணைத்து ஓட்டுங்கள். என்95 அல்லது எஃப்எஃப்பி2 தர முகக்கவசம் போடுங்கள், மெஷினை நிறுத்திய பிறகும் சற்று நேரம் கழற்றாதீர்கள். ஏர் கம்ப்ரசரால் ஊதிச் சுத்தம் செய்வது படிந்த தூசியை மறுபடி கிளப்பிவிடுவதுதான். காதும் அப்படியே, சர்குலர் சாவின் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும், அந்த அளவில் பாதுகாப்பில்லாமல் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது தொழில்சார் சுகாதாரக் கணக்கு.

ஷெட்டைப் பற்றிச் சில வரிகள். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் சாவை ஓட்டினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும். தடித்த ஒயர் எடுங்கள், சுருளை முழுதும் பிரித்துப் போடுங்கள். மேலே ஒரு விளக்கு போதாது, மேசையின் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒன்று வேண்டும். இழைப்பின் மேடு பள்ளமும் உப்புத்தாள் கீறலும் சாய்வான வெளிச்சத்தில்தான் தெரியும். இரும்புக் கருவிகளுக்கு மெழுகோ எண்ணெயோ மெல்லிசாகத் தடவிவைத்தால் துரு அண்டாது. பெட்ரோல் கேனும் தின்னரும் இந்த இடத்தில் இருக்கக் கூடாது. ஒரு மோட்டார் பொறி போதும்.

கடைசியாக பாலிஷ். உப்புத்தாளை 80, 120, 180 என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் பென்சிலால் பலகை முழுக்கக் கோணல்மாணலாகக் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் முழுதும் மறையும்வரை தேய்த்தால் எந்த இடமும் விட்டுப்போகாது. கையால் தேய்க்கும் கடைசிச் சுற்று நாரின் நீளவாட்டில். பிறகு ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிட்டு, எழும்பிய நாரைக் கடைசித் தாளால் லேசாக எடுத்துவிடுங்கள். எழுதும் மேசைக்குப் பாலியூரித்தேன் மூன்று பூச்சு. தண்ணீர், சூடான கோப்பை இரண்டையும் தாங்கும். அலமாரிக்கு ஆளிவிதை எண்ணெய் அழகாக இருக்கும், கையாளவும் எளிது. ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் கூடிக்கொண்டே போய், நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். துணியை விரித்து வெளியே ஒற்றையாகக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடி போட்ட தகர டப்பாவில் முக்கிவையுங்கள். மரத்தூள் நிறைந்த ஷெட்டில் இதை ஒரு நாளும் மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.